நிரபராதியாக இருப்பது போதாதா?
‘எஃப்.ஐ.ஆர்.’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹும் இலக்கணமும் கற்பிக்கும் ஒருவர் திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்கு வருத்தத்தையும் தரக்கூடும். திரைப்படம் பார்ப்பது பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்துக்குள் நாம் இங்கு நுழையவில்லை. அதற்கெனத் தனி இடமும் அதற்கெனத் தகுதியுடையோரும் உண்டு. ஆனால் நம் நாட்டு மக்கள் நம்மைப் பற்றி அறிந்துகொள்ளும் வாயில்களுள் இன்று மிக அகன்றது திரைப்படமே என்பதை மறுப்பதற்கில்லை. நம் நூல்களை அவர்கள் படிப்பதில்லை. நம் பள்ளிவாசல்களுக்குள் அவர்கள் வந்ததுமில்லை. காந்திபுரத்திலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம் தொப்பியையும் தாடியையும் பார்க்கும் பார்வையில் அவர் கண்ட எத்தனையோ திரைக்காட்சிகள் கலந்திருக்கின்றன. ஆகவே அக்காட்சிகளை ஆராய்வது நம் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

2022 பிப்ரவரி 11 அன்று வெளியான ‘எஃப்.ஐ.ஆர்.’ என்னும் படத்தை நாம் சற்றுத் தாமதமாகவே, மாணவர் சிலரின் வற்புறுத்தலால் அவர்களோடு அமர்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஸ்ரத், இர்ஃபான் உளவாளியா இல்லாம, வெறும் வேலை தேடுற பையனாவே இருந்திருந்தா அவன் கதி என்ன ஆயிருக்கும்?” அப்போது நம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்கான விடையைத் தேடும் முயற்சியே. படத்தின் இறுதித் திருப்பத்தைச் சொல்லாமல் அதன் குறையைச் சொல்ல இயலாது. ஆதலால் இதுவரை பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.

படம் தந்த நம்பிக்கை

மனு ஆனந்த் இயக்கிய முதற் படம் இது. நாயகனாக நடித்த விஷ்ணு விஷாலே தயாரிப்பாளரும் ஆவார். பெருநாயகர்களின் சந்தையோடு ஒப்பிட்டால் சிறிய முதலீட்டில் உருவான படம் என்றே சொல்ல வேண்டும். குற்ற வழக்கின் முதல் தகவல் அறிக்கையைக் குறிக்கும் மூன்று எழுத்துகளே தலைப்பு. அவ்வெழுத்துகளை ஃபைசல், இப்ராஹீம், ரயீஸ் என்ற பெயர்களாகவும் விரித்துக் காட்டினார்கள். ஒரு முஸ்லிமின் பெயரே குற்ற அறிக்கையாக வாசிக்கப்படும் காலத்தை இத்தலைப்பு சுட்டுகிறது எனக் கொண்டால், அது கூர்மையான தொடக்கம்தான்.

கதை எளியது. இர்ஃபான் அஹ்மத் சென்னையில் வாழும் இளைஞன். வேதியியல் பொறியியல் படித்தவன். அவன் தாய் பர்வீனா பேகம் காவல்துறையில் பணிபுரிபவர். தகுதி இருந்தும் பெயரின் பொருட்டு அவனுக்கு வேலைவாய்ப்புகள் கைநழுவுகின்றன. அபூபக்கர் அப்துல்லாஹ் என்ற, முகம் அறியப்படாத பயங்கரவாதியைத் தேசியப் புலனாய்வு முகமை தேடிக்கொண்டிருக்கிறது. சூழ்நிலைச் சான்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து இர்ஃபானே அவன் என்ற முடிவுக்கு அதிகாரிகளைக் கொண்டுசெல்கின்றன. கைதும் விசாரணையும் தொலைக்காட்சித் தீர்ப்புகளும் தொடர்கின்றன.

இந்த முற்பகுதியில் படம் நேர்மையாகவே நடக்கிறது. தமிழ்த் திரையில் ஒரு முஸ்லிம் இளைஞன் நாயகனாக நின்று, பெயரால் தான் படும் சிறுமையைத் தன் முகத்திலேயே காட்டுவது அரிது. வேலைக்கான நேர்காணலில் பட்டத்தைக் கேட்க வேண்டியவர்கள் மார்க்கத்தைக் கேட்பதும், அவன் புன்னகையோடு அதை விழுங்கிக்கொள்வதும் நம்மில் பலர் அறிந்த அனுபவங்கள். மாலா பார்வதி ஏற்றிருக்கும் தாய்ப் பாத்திரமும் குறிப்பிடத்தக்கது. அரசின் சீருடை அணிந்த பெண்ணின் மகனையே அரசு ஐயுறும் நிலை ஆழ்ந்த நாடகத்துக்கு உரியது. நம்முடன் இருந்த மாணவர்கள் அந்நேரம் ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்பமும் அதன் விலையும்

பின்னர் திருப்பம் வருகிறது. இர்ஃபான் உண்மையில் புலனாய்வு முகமையின் மறைமுகப் பணியாளன். அஜய் தேவன் என்ற உயரதிகாரி (கௌதம் வாசுதேவ் மேனன்) அறிந்தே நடந்த ஏற்பாடு அது. பயங்கரவாதக் கூட்டத்துக்குள் புகுவதற்காகவே அவன்மீது அக்கறை படிந்தது. இரசாயனத் தாக்குதலைத் தடுக்கத் தன்னையே பணயம் வைக்கும் தியாகியாக அவன் உயர்கிறான்.

திரையரங்கில் இக்கட்டத்துக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆயினும் கதைக்கலையின் அளவுகோலில் இது பெருங்குறை. நல்ல திருப்பம் நாம் முன்பு கண்டவற்றுக்குப் புதிய ஆழத்தைத் தரும். இத்திருப்பமோ கண்டவற்றை அழித்துவிடுகிறது. அவன் அரசின் ஆள் எனத் தெரிந்த பிறகு, நேர்காணலில் பட்ட அவமானத்தை நாம் என்னவென்று கொள்வது? விசாரணை அறையில் கண்ட வேதனை எவருடையது? ஐயுற்றவர்களின் தவறு எங்கே போயிற்று? படம் எழுப்பிய வினா ஓர் எளிய மனிதனைப் பற்றியது. அது தந்த விடை ஒரு வீரனைப் பற்றியது. அந்த எளிய மனிதன் இடைவேளைக்குப் பின் கதையிலிருந்தே காணாமல் போய்விட்டான்.

குறைந்த செலவை இதற்குக் காரணமாகச் சொல்ல இயலாது. குறைந்த செலவு இத்தகைய கதைக்கு அனுகூலமே. ஓர் அறை, ஒரு மேசை, கேட்பவர் ஒருவர், விடை தெரியாமல் விழிப்பவர் ஒருவர் என இவ்வளவே போதும். ஆனால் இப்படம் தன் கையிலிருந்த சிறிய உண்மையை விட்டுவிட்டு, துரத்தலும் வெடியும் சாகசமும் நிறைந்த பெரிய பொய்யின் பின்னே ஓடியது. பணம் போதாமை அங்கேதான் வெளித்தெரிகிறது.

இரு முஸ்லிம்கள் மட்டும்

இக்குறை ஓர் இயக்குநரின் தனிக்குறை அன்று. தமிழ்த் திரையின் முப்பதாண்டு வழக்கம் அதன் பின்னே நிற்கிறது. 1992இல் வந்த ‘ரோஜா’, தொழுகையையும் துப்பாக்கியையும் ஒரே மனிதனிடம் இணைத்துக் காட்டியது. 2009இல் வந்த ‘உன்னைப்போல் ஒருவன்’, முந்திய ஆண்டு இந்தியில் வெளியான ‘எ வெட்னஸ்டே’ படத்தின் மறுஆக்கம். நகரத்தில் குண்டுகள் வைத்திருப்பதாக மிரட்டிச் சிறையிலிருக்கும் நால்வரை வெளிக்கொணர்ந்து தானே கொல்லத் துணியும் ‘சாமானியன்’ அதன் நாயகன். அப்படம் நமக்கு அளித்த நல்ல முஸ்லிம், ஆரிஃப் என்ற காவல் அதிகாரி. 2013இல் தமிழகத்தில் தடையும் வழக்குமாகி வெளிவந்த ‘விஸ்வரூபம்’, நடன ஆசிரியராகத் தோன்றுபவர் உண்மையில் இந்திய உளவுத்துறையைச் சேர்ந்த முஸ்லிம் என்று வெளிப்படுத்தியது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ‘எஃப்.ஐ.ஆர்.’ அதே கதவைத்தான் மீண்டும் திறந்தது.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால், இவ்வகைப் படங்கள் அறிந்த முஸ்லிம்கள் இருவரே என்பது புலனாகும். ஒருவன் கையில் வெடிகுண்டு. மற்றவன் கையில் அரசின் துப்பாக்கி. இவ்விருவருக்கும் நடுவே ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. உக்கடத்தில் பழைய இரும்பு வாங்கி விற்பவர், குறிச்சிக்கும் கரும்புக்கடைக்கும் இடையே ஆட்டோ ஓட்டுபவர், திருப்பூர்ப் பனியன் நிறுவனத்தில் இரவு முறை முடித்துத் திரும்பும் தையல்காரர், உடுமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் இராவுத்தர், கோட்டைமேட்டில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் நடத்தும் பெண். இவர்கள் நாட்டைத் தகர்க்கவும் இல்லை. உளவு பார்த்து நாட்டைக் காக்கவும் இல்லை. வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவே. இவர்களுக்குத் திரையில் இடமில்லை. ‘எஃப்.ஐ.ஆர்.’ அவ்விடத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டது என்பதுதான் நம் ஏமாற்றம்.

யூசுஃபின் வரிசை

நாம் கற்பிக்கும் நூல்களில் இதற்கொரு வெளிச்சம் இருக்கிறது. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூர்வோம். பொய்ப் பழியால் சிறை சென்றவர் அவர். மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்னதும் அவரை அழைத்துவர ஆள் வருகிறது. சிறைக்கதவு திறந்தும் அவர் உடனே வெளியேறவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்குமாறு மன்னருக்குச் சொல்லி அனுப்புகிறார். விசாரணை நடக்கிறது, பெண்கள் சான்று கூறுகிறார்கள், பழி சொன்னவரே உண்மையை ஒப்புக்கொள்கிறார். அதன் பின்னரே மன்னரின் மதிப்பும் களஞ்சியப் பொறுப்பும் அவரை அடைகின்றன.

இவ்வரிசையை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் விசாரணை, அடுத்து நிரபராதம், இறுதியில் பதவி. பதவி பெற்றதால் அவர் நிரபராதி ஆகவில்லை. படமோ இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது: இர்ஃபான் அரசின் பணியாளன், ஆகவே அவன் நிரபராதி. சான்றைச் சோதித்து அவனை எவரும் விடுவிக்கவில்லை. அவனது அடையாள அட்டையே அவனை விடுவித்தது. அவ்வட்டை இல்லாதவனுக்கு இப்படம் எந்த ஆறுதலையும் வைத்திருக்கவில்லை.

ஃபிக்ஹின் பொதுவிதிகளுள் இரண்டு இங்கே நினைவுக்கு வருகின்றன. ஐயம் உறுதியை நீக்காது என்பது ஒன்று. பொறுப்பற்ற நிலையே மனிதனின் மூலநிலை, அதாவது ‘பராஅத்துத் திம்மா’ என்பது மற்றொன்று. 1869 முதல் 1876 வரையான ஆண்டுகளில் உஸ்மானிய அரசு தொகுத்த ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு, தன் தொடக்கப் பிரிவுகளிலேயே இவ்விரு விதிகளையும் வைத்தது. நம் மதரஸாக்களில் முதிர்ந்த மாணவர்கள் ஓதும் விதிகள் இவை. சான்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டுபவரையே சாரும் என்ற நபிவழி நெறியும் இதனோடு சேர்ந்தது. நவீன நீதிமுறையும் இதே அடித்தளத்தில் நிற்பதாகவே சொல்லிக்கொள்கிறது. ஆனால் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 2008இல் சேர்க்கப்பட்ட பிணைப் பிரிவு, குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மையெனத் தோன்றினாலே பிணை தரலாகாது என்கிறது. வழக்கு முடியுமுன்பே ஆண்டுகள் கரைய அது வழி செய்கிறது. இச்சூழலில் ‘குற்றமற்றவன் என்பதே போதும்’ எனச் சொல்லும் ஒரு கலைப்படைப்பு எவ்வளவு தேவைப்பட்டது! அதற்காகவே படத்தின் தோல்வி நம்மை வருத்துகிறது.

கோவை அறிந்த கதை

இவ்வினா பிற ஊர்களுக்குக் கருத்தாக இருக்கலாம். கோவைக்கு அது வாழ்ந்து கடந்த வரலாறு. 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்து மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். அவ்வெடிகுண்டுகளுக்கு எந்த விளக்கமும் நியாயமாகாது. நவம்பரின் துயரம் பிப்ரவரியின் பாவத்தைக் கழுவாது என்பதை நாம் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைச் சிந்திப்போம். அந்த 58 பேர் யார்? கடைவீதியில் நின்றவர்கள், மருத்துவமனைக்கு வந்தவர்கள், வேலை முடித்து நடந்தவர்கள். அவர்கள் வாழும் உரிமைக்கு எந்தத் தகுதிச் சான்றும் வேண்டியிருக்கவில்லை; குற்றமற்றவர்கள் என்பதே போதுமானதாக இருந்தது. குண்டு வைத்தவர்கள் மறுத்தது அதைத்தான். அந்த நெறியையே நாம் கோட்டைமேட்டு இளைஞனுக்கும் கேட்கிறோம். ஒருவருக்கு மட்டும் கேட்டு மற்றவருக்கு மறுப்பது நீதியாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்துவிடலாகாது என்ற இறைக்கட்டளை முதலில் நமக்கே உரியது.

வழக்கு தனி நீதிமன்றத்தில் நடந்தது. 2007 ஆகஸ்ட் 1 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 166 பேரில் 158 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்ட நீதிமன்றம், எண்மரை விடுவித்தது. அவ்வெண்மருள் கேரளத்தைச் சேர்ந்த அப்துந்நாசர் மஅதனியும் ஒருவர். ஒரு காலை முன்பே இழந்திருந்த அவர், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த பின்னரே இவ்வழக்கில் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். 2010இல் பெங்களூர் வழக்கொன்றில் அவர் மீண்டும் கைதானது வேறு வரலாறு. அவருடைய அரசியலை ஏற்கவும் மறுக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. கோவை வழக்கில் அவரை விடுவித்தது எந்த உளவுத்துறை அடையாள அட்டையும் அன்று. சான்றில்லை என்ற எளிய உண்மை. அவ்வுண்மை வந்துசேர ஆன ஒன்பது ஆண்டுகள்தான் கதை. அக்கதையை எந்த இயக்குநரும் இங்கு எடுக்கவில்லை.

படம் வெளியாகி எட்டு மாதங்களில், 2022 அக்டோபர் 23 அன்று, உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவிலருகே கார் ஒன்று வெடித்து அதிலிருந்தவர் இறந்தார். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குச் சென்றது. நம் ஜமாஅத்தார் அதைக் கண்டித்தார்கள், கண்டிக்கவும் வேண்டும். நம்மிடையே தீமை இல்லையென்று சாதிப்பது நம் வாதமன்று. அவ்வாரம் வாடகை வீடு பேசி முடித்திருந்த நம் மாணவர் ஒருவரின் முன்பணம் காரணம் சொல்லாமல் திருப்பித் தரப்பட்டது. அவர் பயங்கரவாதியுமல்லர், உளவாளியுமல்லர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நஹ்வும் ஸர்ஃபும்தான். முதலில் சொன்ன வினாவைக் கேட்டவர் அவரே.

சிறு செலவில் பெரிய உண்மை

இப்படி ஒரு படம் எடுக்க இயலுமா என்று கேட்பார்க்கு இரு சான்றுகள் உண்டு. முதற்சான்று நம் ஊரிலிருந்தே கிளம்பியது. கோவையின் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திர மாநிலக் காவல் நிலையத்தில் தாம் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’, 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு 2016 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. அங்கே அடிபடுபவர்கள் பூங்காவில் படுத்துறங்கும் கூலித் தொழிலாளர்கள். இறுதியில் அவர்களுள் எவரும் மறைமுக அதிகாரியாக வெளிப்படவில்லை. ஏழைகளாகவும் குற்றமற்றவர்களாகவும் தொடங்கி அவ்வாறே முடிகிறார்கள். அதனால்தான் அப்படம் நம் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை.

இரண்டாவது, ஹன்சல் மேத்தா இந்தியில் இயக்கிய ‘ஷாஹித்’. இளமையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிறைப்பட்டு, சிறையிலேயே படித்து, பின் வழக்கறிஞராகி, பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டோருக்காக வாதாடிய ஷாஹித் ஆஸ்மியின் வாழ்க்கை அது. 2013இல் இந்தியாவில் வெளியான அப்படமும் எளிய முதலீட்டில் உருவானதே. இயக்குநருக்கும் நாயகனுக்கும் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தது. மங்கிய நீதிமன்ற அறையில் கோப்புகளைப் புரட்டும் மனிதரைக் காட்டியே அது நம்மை மூச்சடக்க வைத்தது. ஆஸ்மி மும்பையில் தம் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது 2010 பிப்ரவரி 11. ‘எஃப்.ஐ.ஆர்.’ வெளியானதும் பிப்ரவரி 11. தற்செயல்தான், ஆயினும் அறிந்தவர்க்கு அது உறுத்தும்.

நம் பங்கு

குறையெல்லாம் திரையுலகின் மீதே சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. ஒரு படம் புண்படுத்துகிறது என்றால் தடை கோருவதே நமக்குத் தெரிந்த ஒரே வழியாக இருந்துவருகிறது. ‘விஸ்வரூபம்’ தடையால் அப்படம் பெற்றது விளம்பரம். நாம் பெற்றது சகிப்பற்றவர்கள் என்ற பெயர். ‘எஃப்.ஐ.ஆர்.’ குவைத், கத்தார், மலேசியா ஆகிய நாடுகளில் அனுமதி மறுக்கப்பட்டதைச் சிலர் வெற்றியாகப் பேசினார்கள். தடைசெய்யப்பட்ட படத்தை எவரும் விமர்சிப்பதில்லை. ஆதலால் அதன் குறையும் எவருக்கும் தெரியாமலே போகிறது. நல்ல பகுதியை நல்லதென்றும், பிழையைப் பிழையென்றும், ஏன் பிழையென்றும் சான்றோடு எழுதுவதே கற்றோர் செய்யத்தக்கது.

மற்றொன்று, நம் கதையை நாமே எழுதாமை. ஓர் ஆட்டோ ஓட்டுநர் தம் காவல் நிலைய நாள்களை எழுதினார். அது உலக விழாமேடைவரை சென்றது. கோட்டைமேட்டில் சோதனைச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்குச் சென்ற தலைமுறை இன்று நாற்பதை நெருங்குகிறது. அவர்களுள் எத்தனை பேர் அந்நாள்களை எழுத்தில் வைத்திருக்கிறார்கள்? குண்டுவெடிப்பில் உறவை இழந்த பக்கத்துத் தெருக்காரரின் வீட்டுக்குச் சென்று அவர் கதையைக் கேட்டு எழுதியவர் எத்தனை பேர்? மூலம் இல்லாதபோது இயக்குநர்கள் பழைய படங்களிலிருந்தே புதிய படங்களை எடுக்கிறார்கள்.

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். இர்ஃபான் உளவாளியாக இல்லாமலிருந்தால் அவன் கதி என்ன? படத்திடம் அதற்கு விடை இல்லை. அவ்விடையிலிருந்து தப்பிக்கவே அது திருப்பத்தைத் தேடியது என்று தோன்றுகிறது. நம் விடை இது: அவன் சிறையில் சில ஆண்டுகளை இழந்திருப்பான், அவன் தாய் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்கும் அலைந்திருப்பார், ஒருநாள் சான்றில்லையென விடுதலையாகி, உக்கடத்தில் பேருந்திலிருந்து இறங்கி, மீண்டும் வேலை தேடத் தொடங்கியிருப்பான். அவனை வரவேற்க எந்த உயரதிகாரியும் வந்திருக்க மாட்டார். ஆயினும் அவன் நிரபராதியே.

இதை அம்மாணவரிடம் பின்னர் ஒருநாள் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தவர், “அந்தப் படத்தைப் பார்க்கணும் ஹஸ்ரத்” என்றார். நாமும் அதற்காகவே காத்திருக்கிறோம்.